அரிசி மில் வரை கேட்கும் சத்தம்

அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதன் பெரிய முடிவு எடுத்தால் காசிக்குப் போவான். இல்லாவிட்டால் காப்பிக்குச் சர்க்கரையை நிறுத்துவான். நான் ஸ்போர்ட்ஸ் காரின் சைலன்சரை மாற்றுவது என்று முடிவெடுத்தேன். இருக்கிற சத்தம் போதவில்லை.

கார் என்னுடையது அல்ல. என் மகன் அருள்செல்வனுடையது. சிவப்பு நிறம். கதவு இரண்டு, இருக்கை இரண்டு. உயரம் என் நெஞ்சுக்கு நான்கு விரல் கீழே. கொச்சியில் யாரோ ஓட்டிச் சலித்ததை இவன் வாங்கி எட்டு மாதம் ஓட்டினான். பிறகு அவனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. காருக்குத் துணி போட்டு மூடி, சாவியை என் கையில் கொடுத்தான்.

"வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கப்பா. இல்லாட்டி பேட்டரி போயிரும்."

நான் முப்பத்தொரு வருடம் டெம்போ ஓட்டியவன். துணி உருளைகளை நிட்டிங் கம்பெனியிலிருந்து சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து பனியன் கம்பெனிக்கும் கொண்டு போய்ச் சேர்ப்பது வேலை. ஏழாம் வகுப்புக்கு மேல் எனக்குப் படிப்பு ஏறவில்லை. எண்ணிக்கை மட்டும் ஏறியது. உருளை ஒன்று குறைந்தாலும் டிரைவர் தலையில்தான் விடியும் என்பதால் எல்லாவற்றையும் எண்ணிப் பழகிவிட்டேன். வேலை நின்றது. பழக்கம் நிற்கவில்லை. எங்கள் வீட்டு மாடிப்படி பதினேழு. இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

என் மனைவி முத்தாயி இருபத்தாறு வருடம் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டியவள். தைத்து வரும் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை எல்லாம் சின்னக் கத்தரியால் நறுக்கிச் சுத்தம் செய்யும் வேலை. மகன் விமானம் ஏறிய அன்று, அவன் முன்னாலேயே அறிவித்தேன்.

"இனி உங்கம்மா ஒரு நூல் வெட்டக் கூடாது. ரெண்டு பேரும் ஊட்டுல நிம்மதியா இருக்கப் போறோம்."

"செரிங்க" என்றாள் முத்தாயி. அதை நான் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு இரண்டு பேரும் வீட்டில் நிம்மதியாக இருந்தோம். அவள் உள் அறையில், நான் முன் அறையில். நிம்மதி எவ்வளவு என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். காலையிலிருந்து படுக்கும் வரை முத்தாயி என்னிடம் பேசியது நாற்பத்தொரு சொல். அதில் பதினொன்று 'ஏனுங்க'. நான் எத்தனை சொல் பேசினேன் என்பதற்குக் கணக்கில்லை. எண்ணுகிறவனால் பேச முடியாது.

டெம்போ ஓட்டிய காலத்தில் இப்படி இல்லை. அந்த டெம்போவின் சைலன்சரில் கட்டைவிரல் நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை. முதலாளி கடைசி வரை அடைக்கவில்லை. தெரு முனையில் நான் திரும்பும்போதே 'டபடப'வென்று சத்தம் வீட்டுக்கு வந்துவிடும். முத்தாயி கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். நான் கால் கழுவி உட்காரும்போது முதல் தோசை தட்டில் விழும். மூன்று தோசை. நான்காவது வேண்டுமா என்று கேட்பாள். வேண்டாம் என்பேன். போடுவாள்.

மகனுடைய கார் அப்படி இல்லை. பூனை மாதிரி வந்து நிற்கிறது. முதல் வாரம் சேவூர் வரை ஓட்டிவிட்டுத் திரும்பினேன். நானே இறங்கி, நானே கேட்டைத் திறந்து, நானே உள்ளே விட்டு, நானே மூடினேன். முன் அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். முத்தாயி பின்கட்டிலிருந்து வந்தாள். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"நீங்க எப்ப வந்தீங்க?"

அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் ஒரு மனிதன் வீட்டுக்கு வந்தால் வந்தான் என்று யாருக்காவது தெரிய வேண்டும். அன்றுதான் முடிவெடுத்தேன்.

மங்கலம் ரோட்டில் ஜெபக்குமார் என்று ஒரு மெக்கானிக். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் என்னையும் நிற்க வைத்துக் காட்டினார்.

"பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. மொத டப்பா புகையைச் சுத்தம் பண்ணுதது. அதுல கை வைக்கக் கூடாது. நடுவுல இருக்கது ரெசனேட்டரு. சத்தத்துல இருக்க இரைச்சலை இது முழுங்கிரும். கடைசியில மஃப்ளரு. மிச்சத்தை இது முழுங்கிரும்."

"ஆக ரெண்டு பேரு முழுங்கறாங்க."

"ஆமா. உங்களுக்கு எந்த மாதிரி சத்தம் வேணும்? உறுமலா? வெடிச் சத்தமா? கியரு மாத்தும்போது பட்டாசு கணக்கா வெடிக்கணுமா? பயலுவ எல்லாம் ஃபோன்ல போட்டுக் காட்டிக் கேக்கானுவ."

எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சுற்றும் பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லை.

"டெம்போ மாதிரி."

"என்னது?"

"சைலன்சர்ல ஓட்டை விழுந்த டெம்போ. ஓட்டை கட்டைவிரல் கனம். அந்தச் சத்தம்."

ஜெபக்குமார் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, டெம்போவை ரேஸ் காரு சத்தத்துக்குக் கொண்டாரச் சொல்லி ஆளு வந்துருக்கு. ரேஸ் காரை டெம்போ சத்தத்துக்குக் கொண்டாரச் சொன்ன மொத ஆளு நீங்கதான்."

"முடியாதுங்களா?"

"முடியாதுன்னு யாரு சொன்னா. கேவலமா இருக்கும்னுதான் சொல்லுதேன்."

நடு டப்பாவைக் கழற்றிவிட்டு அங்கே நேர்க்குழாய் வைத்தார். அரை நாள் ஆயிற்று. ஸ்டார்ட் செய்தேன். டெம்போ இல்லை. ஆனால் டெம்போவுக்குச் சித்தப்பா மகன் என்று சொல்லலாம். வழியில் அரிசி மில் வாட்ச்மேன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னங்க, சைலன்சர் ஓட்டையாயிருச்சுங்களா?"

"இல்லீங்க. புதுசு."

"அடப் பாவத்தே" என்றார்.

முதல் நாள் பலனில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் தண்ணித் தொட்டியைத் தாண்டித் தெருவுக்குள் திரும்பினேன். கேட் திறந்திருந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு முத்தாயி நின்றாள்.

டெம்போவை விட்ட இந்த இரண்டு வருடத்தில் முதல் தடவை. மூச்சு வாங்க நின்றாள், பாவம். முழங்கால் வலியோடு என் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

'எப்ப வந்தீங்க' என்பதற்கும் 'வந்துட்டீங்களா' என்பதற்கும் உள்ள தூரத்தை எந்த மீட்டரிலும் அளக்க முடியாது.

"சத்தம் கேட்டுதா?"

"தண்ணித் தொட்டிக்கிட்ட வாரப்பவே கேட்டுதுங்க."

அவள் தோளில் நீல நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. திருப்பூரில் தோளில் நூல் ஒட்டாமல் ஒருவர் நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

தோசை மட்டும் வரவில்லை. கேட்டேன். மாவு புளித்துவிட்டது என்றாள். முதலில் கேட், பிறகு தோசை, எல்லாம் வரிசையாக வரும் என்று பொறுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் அவளே பேச்சை எடுத்தாள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், கையில் கரண்டியோடு.

"ஏனுங்க, அந்தச் சத்தம் இன்னுங் கொஞ்சம் தூரத்துலயே கேட்டாத் தேவலைங்க."

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன்.

"ஏன், கேக்கறதில்லையா?"

"கேக்குது. ஆனா தொட்டிக்கிட்ட வந்த பொறவுதான கேக்குது. நாம் பொறந்தது சோமனூர்த் தறி ஊடு. சின்னதுலயே காது பாதி போச்சு. அரிசி மில்லுக்கிட்ட இருந்தே கேட்டா எனக்குச் சவுகரியம்."

"கேட் தொறக்கவா?"

"ஆமாங்க. கேட் தொறக்க."

கல்யாணமான நாற்பத்து மூன்று வருடத்தில் முத்தாயி என்னிடம் சேலை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை. சத்தம் கேட்டாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜெபக்குமார் ஷட்டரைத் தூக்கும்போது நான் வாசலில் நின்றேன்.

"அண்ணாச்சி, மறுபடியுமா?"

"அரிசி மில் வரைக்கும் கேக்கோணும்."

"எந்த மில்லு?"

"எங்க ஊட்டுல இருந்து தொள்ளாயிரம் மீட்டர். நாலு வேகத்தடை."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கடைசி டப்பாவையும் கழற்றினார். அதற்குப் பதிலாக வால்வு வைத்த புது மஃப்ளர் ஒன்றைப் பொருத்தி, பொத்தான் உள்ள சின்ன ரிமோட்டைக் கொடுத்தார்.

"பொத்தானை அமுக்கினா வால்வு தொறக்கும். ஊரே கேக்கும். மறுபடி அமுக்கினா மூடிக்கும், பூனை கணக்கா போலாம். போலீசு, ஆசுபத்திரி, பள்ளிக்கூடம் பக்கம் போனா மூடிக்கிடுங்க. யாருக்காக அண்ணாச்சி இம்புட்டுச் சத்தம்?"

"ஊட்டுல."

"அவிய காரு பிரியரா?"

"கேட் தொறக்கறதுக்கு."

"மணி வச்சாப் போதாதா?" என்றார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. விட்டுவிட்டேன்.

அன்று மாலை அரிசி மில் முன்னால் பொத்தானை அமுக்கினேன். மில் திண்டில் உட்கார்ந்திருந்த புறாக்கள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் பறந்தன. நான்கு வேகத்தடையும் தாண்டி வீட்டு முன்னால் வர மூன்று நிமிடம் பத்து வினாடி. முத்தாயி கேட்டில் நின்றாள். இந்தத் தடவை மூச்சு வாங்கவில்லை. கடுகு மஞ்சளில் இரண்டு நூல் மட்டும் இருந்தது, முந்தானையில்.

இதற்குப் பிறகு எங்கள் வாழ்க்கை ஒரு நிலைக்கு வந்தது. ஜெர்மனியிலிருந்து மகன் கூப்பிட்டான். வாரம் ஒரு நாள் போதாதாம், இந்த மாதிரி வண்டியைத் தினமும் ஓட்ட வேண்டுமாம், அதுவும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். முத்தாயியும் ஆமோதித்தாள். மதியம் மூன்று மணிக்குச் சாவியை எடுத்துக் கையில் கொடுப்பாள். "சேவூருக்குப் போயிட்டு வாங்க. கோயில்ல சித்த நேரம் உக்காந்துட்டு வாங்க. பேட்டரிக்கு நல்லது." கோயிலில் உட்கார்ந்தால் பேட்டரிக்கு என்ன நல்லது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"நீயும் வா" என்று ஒரு நாள் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, முன்ன ஒருக்கா உக்காந்து பாத்தனே. கெணத்துக்குள்ள எறங்குனாப்ல இருந்துது. நாலு பேரு புடிச்சுத் தூக்கோணும். நீங்க போயிட்டு வாங்க."

போனேன். தினமும் தனியாகப் போனேன். பக்கத்து இருக்கையில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொள்வேன். அது உருளாமல் இருக்க சீட் பெல்ட் போட்டுவிடுவேன். கோயிலில் இரண்டு தடவை சுற்றுவேன், கல் மேல் உட்காருவேன். தெரிந்தவர் யாரும் வர மாட்டார்கள். வந்தாலும் என்ன பேசுவது. போகும்போது வழியில் எத்தனை மயில் என்று எண்ணி வைத்துக்கொள்வேன், வீட்டில் சொல்லலாமென்று. பிறகு திரும்புவேன், மில் வரும், பொத்தானை அமுக்குவேன். அதற்கப்புறம் அந்த மூன்று நிமிடம் பத்து வினாடிக்கு உலகத்தில் ஒருத்திக்கு நான் வருவது தெரியும். ஒரு நாளில் மூன்று நிமிடம் பத்து வினாடி குறைவுதான். ஆனால் முன்பு பூஜ்யமாக இருந்தது.

முப்பத்தெட்டு நாள் இப்படிப் போயிற்று. முப்பத்தெட்டு நாளும் அவள் கேட்டில் நின்றாள். ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

முப்பத்தொன்பதாம் நாள், அரிசி மில்லுக்குப் பக்கத்தில் ரோட்டோரம் சாமியானா போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரோ தவறிவிட்டார். யாரென்று தெரியாது. ஆனால் எழவு வீட்டு வாசலில் உறுமிக்கொண்டு போக எனக்கு மனம் வருமா? பொத்தானைத் தொடவே இல்லை. கண்ணாடியை இறக்கி, ஒரு கையால் கும்பிட்டு, பூனையாகவே தாண்டினேன். சாமியானாவைத் தாண்டியதும் அமுக்க நினைத்தேன். சாவைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்ததில் மறந்துவிட்டேன்.

கேட் சாத்தியிருந்தது.

இறங்கித் திறந்தேன். உள்ளே விட்டேன். "முத்தாயி" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. முன் அறை, உள் அறை, சமையலறை, மாடி. பதினேழு படியையும் இரண்டு தடவை. அவள் ஃபோன் டிவிக்குப் பக்கத்தில் கிடந்தது. அடுப்பைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. முழங்கால் வலிக்காரி எங்கே போயிருப்பாள்? ஆசுபத்திரிக்கா? யார் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள்? யாரைக் கேட்பது? இந்தத் தெருவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். கதவைத் தட்டிக் கேட்கிற அளவுக்கு ஒருவரோடும் பேசி வைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன். எண்ணினால் பயம் குறையும். இருநூற்றுப் பதினான்கு வரை எண்ணினேன். குறையவில்லை.

அப்போது பின்பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. ஒருவர் சிரிப்பு இல்லை. பத்துப் பன்னிரண்டு பேருடையது.

பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. வெளியே சந்து. சந்தைத் தாண்டினால் பின் தெருவில் ரங்காத்தாள் வீட்டு ஷெட். ரங்காத்தாள் கம்பெனிகளிலிருந்து பனியனை வாங்கி வந்து, அக்கம்பக்கத்துப் பெண்களை வைத்துப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறவள். ஷெட்டின் பக்கவாட்டு ஜன்னலருகே போய் நின்றேன்.

நடுவில் பச்சை டி-ஷர்ட் குவியல் இடுப்புயரம். சுற்றிப் பதினொரு பெண்கள். குவியலுக்கு நேர் எதிரே, கையில் கத்தரியோடு, என் மனைவி முத்தாயி. கத்தரி ஓடிக்கொண்டே இருந்தது. வாயும் ஓடிக்கொண்டே இருந்தது. குரல் எனக்குத் தெரிந்த குரல்தான். ஆனால் அது இத்தனை நீளமாகப் போகும் என்று எனக்குத் தெரியாது. நாற்பத்தொன்றை அவள் ஒரே மூச்சில் தாண்டினாள்.

"...காத்தால எந்திரிச்சதும் சொல்றாரு, 'முத்தாயி, ராத்திரி நீ ஒம்பது தடவ இருமுனே'ங்கறாரு. ஒடம்புக்கு எப்படியிருக்குதுன்னு கேக்கறதில்ல. மாத்திர வேணுமான்னு கேக்கறதில்ல. ஒம்பது. ரசீது குடுக்காததுதான் பாக்கி."

ஷெட் குலுங்கியது.

"நேத்து சாப்புட உக்காந்தாரு. வாயத் தொறந்தாரு. என்னமோ சொல்லப் போறாருன்னு நானும் கரண்டிய வெச்சுட்டு நின்னேன். 'இன்னைக்கு ஏழு மயிலு' அப்படின்னாரு. மயிலு என்ன பண்ணுச்சுங்கன்னு கேட்டேன். 'ஏழு'ங்கறாரு."

எதிர் வீட்டுப் பெண் சித்ரகலா சிரித்துச் சிரித்துக் குவியலின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

"ஆனா ஒண்ணு" என்றாள் முத்தாயி, ஒரு நூலை நறுக்கிக்கொண்டே. "ஒம்பது தடவைன்னு சொல்லோணும்னா, அந்த மனுசன் ராத்திரி பூராத் தூங்காம கேட்டுட்டுத்தான இருந்திருக்கோணும்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ரங்காத்தாள் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள்.

"வாங்க சாமி" என்றாள். பிறகுதான் யாரென்று அவளுக்கு உறைத்தது. "அட, முத்தாயி ஊட்டுக்காரருங்க. ஏனுங்க, சத்தமே கேக்கலீங்களே?"

பதினொரு கத்தரியும் நின்றன. முத்தாயி என்னைப் பார்த்தாள். எனக்கு வந்த கோபத்தைவிட அவளைக் கண்ட நிம்மதி பெரிதாக இருந்தது.

"பேட்டரி போயிருச்சுங்களா பெரீப்பா?" என்றாள் சித்ரகலா.

"எழவு ஊடு. அதனால பட்டனை அமுக்கல" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றாள் இன்னொரு பெண். "மில்லுக்கிட்ட வந்தா இங்க தகரமே அதிருமே."

"இந்த ரெண்டாவது சைலன்சர் நல்லாருக்குதுங்க பெரீப்பா" என்று சித்ரகலா என்னை ஆறுதல்படுத்துவது போலச் சொன்னாள். "மொதோ போட்டது ஆகாது. தண்ணித் தொட்டிக்கிட்ட வந்தாத்தான் கேக்கும். பெரீம்மா இங்கிருந்து ஓடி, கேட்டுக்குப் போறதுக்குள்ள உசிரு போயிரும்."

"இப்ப எவ்வளவு நேரம் கெடைக்குது?" என்று கேட்டேன். அந்த இடத்தில் வேறு கேள்வி கேட்டிருக்கலாம். எனக்கு இதுதான் வந்தது.

முத்தாயி பதில் சொன்னாள். "கையில இருக்கற பீஸ முடிச்சு, கத்தரிய வெச்சு, சீலைய ஒதறி, சந்துல வந்து, கேட்டத் தொறக்க ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டுங்க. உங்களுக்கு மூணு நிமிசம் பத்து. முப்பது செகண்டு மூச்சு வாங்கிக்கலாம்."

அவளும் எண்ணியிருக்கிறாள். நாற்பத்து மூன்று வருடம் கூட இருந்தால் ஒட்டாமல் என்ன செய்யும்.

"தெனமும் ஓட்டச் சொல்லி அருளு சொன்னானே..."

"நாந்தானுங்க அவங்கிட்ட அப்படிச் சொல்லச் சொன்னேன். வாரம் ஒருக்காப் போதும்னுதான் அவன் சொன்னான்." தலையைக் குனிந்துகொண்டாள். "சைலன்சர் மட்டும் நீங்களாப் போட்டதுங்க. அது பெரிய ஒத்தாசை."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"பையன் முன்னால வெச்சு, ஒரு நூல் வெட்டக் கூடாதுன்னு சொன்னீங்க. எல்லாருங் கேக்கச் சொன்ன பேச்ச நீங்க எப்படி மாத்துவீங்க? ஊட்டுல பேச ஆளில்லீங்க."

"நான் இருக்கறனே."

"நீங்க பேசுவீங்களா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. மாவு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் யோசித்தேன். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டேன். அந்த நேரமே பதிலாகிவிட்டது.

"நானும் உக்காந்து வெட்டறேன்" என்றேன்.

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. ரங்காத்தாள் பதறிப் போய் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். சித்ரகலா தன் கத்தரியைக் கொடுத்தாள். உட்கார்ந்து ஒரு பனியனை மடியில் வைத்துக்கொண்டேன். கழுத்தில் மூன்று பிசிறு, கைகளில் இரண்டிரண்டு, அடியில் ஒன்று. எட்டையும் தேடி வெட்டினேன். துணியில் ஒரு கீறல் இல்லை. அடுத்ததை எடுத்தேன். அதில் ஆறு.

வேலை நன்றாகத்தான் நடந்தது. பேச்சுத்தான் நடக்கவில்லை. பதினொரு பெண்களும் சேலையை இழுத்துச் சரி செய்துகொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் மாதிரி குனிந்து வெட்டினார்கள். கத்தரிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. ஒருத்தி இருமினாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். எண்ணிவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, அடுத்த இருமலை விழுங்கிவிட்டாள்.

ஜெபக்குமார் காட்டிய டப்பா நினைவுக்கு வந்தது. இரைச்சலை எல்லாம் முழுங்கிவிடுமே, நடுவில் உட்கார்ந்திருக்கும் அது. இந்த ஷெட்டுக்கு நான் அதுவாக வந்து உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் எத்தனை வருடமாகவோ.

நான்காவது பனியனை முடித்தேன். முத்தாயி எழுந்து என் பக்கத்தில் வந்தாள். குனிந்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஏனுங்க, இன்னும் நாலு டஜன் பாக்கி இருக்குது. இருட்டறதுக்குள்ள குடுக்கோணும். நீங்க மங்கலம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தா நல்லாருக்குமுங்க."

கத்தரியை ஸ்டூல் மேல் வைத்தேன். எழுந்தேன். வாசலைத் தாண்டி நான் பத்து அடி வைப்பதற்குள் பின்னால் முதல் குரல் கேட்டது. பதினைந்தாவது அடியில் எல்லாக் குரலும் வந்துவிட்டன. இருபதாவது அடியில் சிரிப்பு வந்தது.

மங்கலம் வரை போனேன். டீ குடித்தேன். பக்கத்து இருக்கையில் பாட்டில் சீட் பெல்ட்டோடு இருந்தது. திரும்பும்போது சாமியானாவைப் பூனையாகவே தாண்டி, கொஞ்ச தூரம் தள்ளி ஓரங்கட்டினேன். பொத்தானை அமுக்கினேன். ஒரு தடவை ஆக்சிலேட்டரை மிதித்தேன். பின் தெரு வரை போயிருக்கும். ஆனால் உடனே கிளம்பவில்லை. கையில் இருக்கிற பீஸை முடிக்கட்டும், சேலையை நிதானமாக உதறட்டும், முழங்கால் வலியோடு ஓட வேண்டாம் என்று நின்றேன். நூற்றுத் தொண்ணூறு வரை எண்ணினேன். முழங்காலுக்கென்று மேலே ஓர் இருபது. அப்புறம்தான் கிளம்பினேன்.

முத்தாயி கேட்டில் நின்றாள். மூச்சு வாங்கவில்லை. தோளில் பச்சை நூல் ஒன்று. எட்டி எடுத்தேன். அவள் விலகாமல் நின்றாள்.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன். மங்கலம் ரோட்டுல ரெண்டு மயிலு. அதுல ஒண்ணு தோகைய விரிச்சுட்டு நடு ரோட்டுல நின்னுது. வண்டிச் சத்தத்துக்குக்கூட நகரல." மொத்தம் பதினைந்து சொல். மயில் என்ன செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சம் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

"வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க." கேட்டைச் சாத்தினாள். கொண்டியைப் போட்டாள். காரைச் சுற்றி வந்து, பின்னால் புதுக் குழாயைச் சேலைத் தலைப்பால் ஒரு துடை துடைத்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

"நாளைக்கு நூறு டஜன் வருதாமுங்க" என்றாள். "சேவூரு பத்தாது. பழனிக்குப் போயிட்டு வந்துருங்க."